மாணவர் கையில் கோப்பு: டீப் ஸ்பிரிங்ஸ் கல்லூரியின் கதை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், நெவாடா எல்லையை ஒட்டி, வெள்ளை மலைத்தொடருக்குக் கிழக்கே சுமார் 5,200 அடி உயரத்தில் ஒரு வறண்ட பள்ளத்தாக்கு இருக்கிறது. ஊர் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. பக்கத்து ஊரான பிக் பைனுக்குப் போக வேண்டுமென்றால் வெஸ்ட்கார்ட் கணவாயைத் தாண்ட வேண்டும். காய்கறி, மருந்து, மருத்துவர் என்று எது தேவைப்பட்டாலும் பிஷப் நகரம்தான் கதி. அதற்கு மலைப்பாதையில் ஒரு மணி நேரப் பயணம். இந்தப் பள்ளத்தாக்கில்தான் 1917 முதல் டீப் ஸ்பிரிங்ஸ் கல்லூரி நடந்து வருகிறது. மாணவர் எண்ணிக்கை 24 முதல் 30 வரை. படிப்பு இரண்டாண்டு. கல்விக் கட்டணம், உணவு, தங்கும் இடம் எதற்கும் காசு வாங்குவதில்லை.

கல்லூரிக்குச் சொந்தமாக மாட்டுப் பண்ணை உண்டு. பத்திரிகைக்காரர்கள் இந்தக் கல்லூரியைப் பற்றி எழுதப் போனால் பெரும்பாலும் ஒரே படத்தோடுதான் திரும்புகிறார்கள்: குதிரை மேல் ஒரு மாணவன், அவன் பையில் ஒரு தத்துவ நூல். படம் பொய்யில்லை. ஆனால் மாடும் குதிரையும் உள்ள வேளாண் கல்லூரிகள் உலகெங்கும் இருக்கின்றன. டீப் ஸ்பிரிங்ஸைத் தனியே நிறுத்துவது அதன் அலுவலகக் கோப்புகள். யாரைச் சேர்ப்பது, எந்தப் பேராசிரியரை அழைப்பது, எந்தப் பாடத்தை நடத்துவது, முதலாண்டு மாணவர்களில் யாரை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்வது என்ற கோப்புகள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் மேசைக்கு வருகின்றன. அவர்கள் எடுப்பது பெயரளவுத் தீர்மானம் அல்ல. பெரும்பாலும் அதுவே கல்லூரியின் முடிவாகிறது.

இப்படியொரு ஏற்பாடு எந்தக் கல்விக் கோட்பாட்டிலிருந்தும் பிறக்கவில்லை. அது ஒரு மின்சாரக் கம்பெனியின் ஆள் தட்டுப்பாட்டிலிருந்து பிறந்தது.

கல்லூரியை நிறுவிய லூசியன் லூசியஸ் நன் 1853இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். கொலராடோ மலைகளில் வெள்ளியும் தங்கமும் கிடைக்கின்றன என்ற பேச்சு நாடெங்கும் பரவியிருந்த காலத்தில் அங்கே போனவர்களில் ஒருவர். உணவகம் நடத்திப் பார்த்தார். டெல்லுரைடு என்ற சுரங்க ஊருக்கு வந்து வழக்கறிஞராக வேரூன்றினார், வங்கியும் நடத்தினார். 1889இல் புட்ச் காசிடி என்ற பிரபல கொள்ளையன் தன் கூட்டாளிகளோடு கொள்ளையடித்த டெல்லுரைடு வங்கி இவருடையதுதான். அமெரிக்க மேற்குப் பகுதியின் சரித்திரத்தில் நன்னின் பெயர் இந்த ஒரு காரணத்துக்காகவே பலருக்குத் தெரிந்திருப்பது அவருடைய துரதிர்ஷ்டம்.

டெல்லுரைடுக்கு மேலே, மரங்கள் வளர்வது நின்றுபோகும் உயரத்தில், கோல்ட் கிங் என்ற தங்கச் சுரங்கம் இருந்தது. தாது உடைக்கும் ஆலையை ஓட்ட நீராவி வேண்டும். நீராவிக்கு எரிபொருள் வேண்டும். அருகில் மரங்களை வெட்டித் தீர்த்தாயிற்று. நிலக்கரியைக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றிக் கொண்டுவரும் செலவு சுரங்கத்தையே விழுங்கிக்கொண்டிருந்தது. கீழே பள்ளத்தில் ஆறு வேகமாக ஓடுகிறது, அந்த நீரின் விசையை மேலே கொண்டுபோக முடியுமா என்பதுதான் நன்னின் முன்னிருந்த கேள்வி. எடிசன் வணிகம் செய்துவந்த நேர்மின்சாரம் நீண்ட தூரம் போகாது. வழியிலேயே பெருமளவு வீணாகிவிடும். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் டெஸ்லாவின் கண்டுபிடிப்புகளை வாங்கி மாறுமின்சாரத்தை முன்னிறுத்திக்கொண்டிருந்த நேரம் அது. நன்னும் பொறியாளரான அவருடைய தம்பி பாலும் வெஸ்டிங்ஹவுஸின் இயந்திரங்களை வாங்கி, 1891இல் ஏம்ஸ் என்ற இடத்தில் நீர்மின் நிலையம் அமைத்தார்கள். அங்கிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர் தொலைவிலிருந்த சுரங்கத்துக்கு உயர் அழுத்த மாறுமின்சாரம் போனது. தொழிற்சாலை ஒன்றின் தேவைக்காக இப்படி மாறுமின்சாரத்தை அனுப்பிய உலகின் முதல் முயற்சிகளில் இதற்கு இடமுண்டு. நயாகராவிலிருந்து பஃபலோ நகருக்கு மின்சாரம் போகத் தொடங்கியது 1896இல்தான்.

இயந்திரம் வாங்கியாயிற்று, அதை ஓட்டுவது யார்? அந்தத் தொழிலில் தேர்ச்சி பெற்றவர் அப்போது எங்கும் கிடையாது. தொழிலே அன்றுதான் பிறந்திருந்தது. பனிக்காலத்தில் மாதக்கணக்கில் வெளியுலகத் தொடர்பு அறுந்துவிடும் இடங்களில் மின்நிலையங்கள் இருந்தன. கம்பியில் மின்னல் விழுந்தால், சுழலி பழுதானால், தலைமை அலுவலகத்தைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அங்கேயே நிற்கிற இருபது வயது இளைஞன் முடிவெடுக்க வேண்டும். நன் கல்லூரி மாணவர்களையும் கல்லூரிக்குப் போக ஆசைப்பட்ட பையன்களையும் பிடித்து வந்தார். பாதி நேரம் வேலை, பாதி நேரம் படிப்பு. மின்நிலையத்தோடு நூலகம் கட்டினார், ஆசிரியர்களை அமர்த்தினார். யூட்டா மாநிலத்தின் புரோவோ பள்ளத்தாக்கில் 1904இல் இயங்கத் தொடங்கிய ஓம்ஸ்டெட் மின்நிலையம் பாதி ஆலை, பாதி பள்ளிக்கூடம் என்றே சொல்லலாம். தேறியவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அவர்கள் தங்குவதற்கென்று 1910இல் அங்கே டெல்லுரைடு இல்லம் எழுந்தது. அந்த இல்லத்தின் வரவு செலவையும் விதிமுறைகளையும் குடியிருந்த மாணவர்களே பார்த்துக்கொண்டார்கள். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1940களில் இளம் பேராசிரியராக அங்கே விருந்தினராகத் தங்கியிருந்தார் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம்.

1912 வாக்கில் நன்னின் மின்சாரத் தொழில் பெரிய நிறுவனங்களின் கைக்குப் போனது. மின்நிலையங்கள் போனால் பயிற்சிப் பள்ளிகளும் போகும் அல்லவா? நன்னுக்கு அப்போது ஏறக்குறைய அறுபது வயது. திருமணம் செய்துகொள்ளாதவர், பிள்ளைகள் இல்லை. பணம் இருந்தது. தொழிலுக்குத் துணையாகத் தொடங்கிய கல்வி முயற்சி அதற்குள் அவருக்குத் தொழிலைவிடப் பெரிதாகிவிட்டது. வர்ஜீனியா மாநிலத்தில் ஓர் எஸ்டேட்டை வாங்கிப் பள்ளி தொடங்கிப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. கிழக்கே பச்சையும் நகரமும் பக்கத்திலேயே இருப்பதுதான் கோளாறு என்று நினைத்தாரோ என்னவோ, அடுத்ததாக டீப் ஸ்பிரிங்ஸ் பள்ளத்தாக்கிலிருந்த பழைய மாட்டுப் பண்ணையை வாங்கினார். 1917இல் சுமார் இருபது மாணவர்களோடு கல்லூரி ஆரம்பமானது. முதல் வேலை, தாங்கள் படிக்கப்போகும் கட்டடங்களை எழுப்புவதில் கைகொடுப்பதுதான்.

நன்னைத் துறவிபோலச் சித்தரிக்கும் எழுத்துகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாணவர்கள் தங்களைத் தாங்களே ஆள வேண்டும் என்று ஓயாமல் எழுதிய அவரே எந்த மாணவன் எப்படி நடக்கிறான் என்பதைக் கடிதம் கடிதமாகக் கண்காணித்தவரும்கூட. பணத்தாசை மனிதனைக் கெடுக்கும் என்று பேசியவர், தான் பேசுவதைச் செய்துகாட்டும் பணத்தை மின்சார வணிகத்தில்தான் ஈட்டினார். ஆனாலும் 1923இல் அவர் எழுதிவைத்த அறக்கட்டளைப் பத்திரம் ஒரு விஷயத்தில் துணிச்சலானது. நிர்வாகம் அறங்காவலர் கையில் இருக்கும். ஆனால் கல்லூரியின் சொத்து யாருக்காக இருக்கிறதோ அந்தப் பயனாளிகள், படிக்கிற மாணவர்கள் எல்லோரும் சேர்ந்த மாணவர் குழுவினர். தங்களுக்குப் பின் வருகிறவர்களுக்காகவும் அதைக் காக்க வேண்டியவர்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1925இல், நன் இறந்தார். தன் விருப்பத்தை எழுதிவைத்துவிட்டு விலகிக்கொண்டதுதான் அவர் கல்லூரிக்குச் செய்த பெரிய உபகாரம் என்று எனக்குத் தோன்றும். உயிரோடு இன்னும் இருபது ஆண்டுகள் இருந்திருந்தால் அவரே தன்னாட்சியைக் குலைத்திருப்பார்.

படிப்பு, உடலுழைப்பு, தன்னாட்சி. இந்த மூன்றையும் கல்லூரியில் தூண்கள் என்கிறார்கள். ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். பால் கறப்பவர் விடிவதற்கு முன்பே, நாலரை மணி வாக்கில், தொழுவத்தில் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் அந்த உயரத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்திருக்கும். பசுவுக்கு அது தெரியாது, கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். கறந்த பாலை வடிகட்டி, கேன்களில் ஊற்றிச் சமையற்கட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, கை கழுவி, ஒன்பது மணி வகுப்புக்குப் போய் உட்கார வேண்டும். முந்தின இரவு படித்திருக்க வேண்டிய பக்கங்களைப் படித்திருக்கவும் வேண்டும். பால் கறவை ஒருவருக்கு என்றால், மற்றவர்களுக்குக் குதிரைமசால் வயலுக்கு நீர் பாய்ச்சுவது, தீவனம் போடுவது, தோட்ட வேலை, ரொட்டி சுடுவது, பாத்திரம் தேய்ப்பது, இறைச்சி வெட்டுவது. கோடையில் மாடுகளை மலைமேல் மேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்று அங்கேயே தங்கி மேய்ப்பவர்களும் மாணவர்களே.

வேலைகளைப் பங்கிட்டுக் கொடுப்பவரும் ஒரு மாணவர்தான், சக மாணவர்கள் தேர்ந்தெடுத்தவர். தூக்கம் போதாத நண்பனிடம் போய் நீ நேற்று பாத்திரம் சரியாகத் தேய்க்கவில்லை என்று சொல்ல வேண்டிய பதவி அது. பாடப்புத்தகத்தில் நிர்வாகவியல் படித்தவர்கள் பலர் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தயங்குவார்கள்.

உழைப்பு அங்கே தண்டனையும் அல்ல, உடற்பயிற்சியும் அல்ல, கட்டணத்துக்கு ஈடும் அல்ல. மாணவர் உழைப்பால் கல்லூரிச் செலவில் ஒரு பகுதி மிச்சமாகிறது என்றாலும், பண்ணையில் தேர்ந்த கூலியாட்களை வைத்தால் வேலை இன்னும் விரைவாக, இன்னும் செம்மையாக முடியும் என்பது அங்கிருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஒருவர் தவறினால் முப்பது பேருக்கும் காலையில் பால் கிடைக்காது. அந்த விளைவு கண்ணெதிரே நிற்பதற்காகத்தான் உழைப்பு. மூவாயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் ஒரு மாணவர் தூங்கிவிட்டால் வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாகும், அவ்வளவுதான். டீப் ஸ்பிரிங்ஸ் சிறிதாக இருப்பதற்குக் காரணம் வளர முடியாமை அல்ல. வளர்ந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும் என்பதால் நூறு ஆண்டுகளாக வளர மறுத்திருக்கிறது.

இனி அந்தக் கோப்புகள். மாணவர் குழு தன்னைச் சில கமிட்டிகளாகப் பிரித்துக்கொள்கிறது. சேர்க்கைக் கமிட்டி விண்ணப்பங்களைப் படிக்கிறது. விண்ணப்பம் இரண்டு கட்டம். முதலில் கட்டுரைகள். அதில் தேறியவர்கள் பள்ளத்தாக்குக்கு நேரில் வந்து சில நாள் தங்கி, வகுப்பில் உட்கார்ந்து, மண்வெட்டி பிடித்து, நேர்காணலுக்கும் முகம் கொடுக்க வேண்டும். எதிரே கேள்வி கேட்பவர்களில் பெரும்பாலோர் ஓராண்டுக்கு முன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள். பாடத்திட்டக் கமிட்டி ஆசிரியர் பதவிக்கு வரும் விண்ணப்பங்களை அலசுகிறது. முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், தன் பாடத்தில் இன்னும் அரிச்சுவடி தாண்டாத பிள்ளைகள் முன் மாதிரி வகுப்பு எடுத்துக்காட்ட வேண்டும். அங்கே நிரந்தரப் பணி என்ற ஏற்பாடே கிடையாது. ஆசிரியர்கள் சில ஆண்டுகளுக்கு வருகிறார்கள், போகிறார்கள். எழுத்துப் பயிற்சியும் மேடைப் பேச்சும் தவிர மற்ற பாடங்கள் எல்லாம் விருப்பப்பாடங்களே. கிரேக்கத் தத்துவம், மரபணுவியல், கவிதை என்று அந்தந்த ஆண்டு யார் ஆசிரியர், யார் மாணவர் என்பதைப் பொறுத்துப் பட்டியல் மாறும். அறங்காவலர் குழுவிலும் மாணவர் பிரதிநிதிகள் வாக்குரிமையோடு அமர்கிறார்கள்.

இவற்றில் கடுமையானது மறு அழைப்புக் கமிட்டி. முதலாண்டு முடிவில் ஒவ்வொரு மாணவரின் உழைப்பு, படிப்பு, கூட்டு வாழ்க்கையில் அவர் பங்கு ஆகியவற்றைச் சக மாணவர்களே எடைபோடுகிறார்கள். திரும்ப அழைக்கப்பட்டால்தான் இரண்டாம் ஆண்டு. சேர்ந்து சாப்பிடுகிற, ஒரே அறையில் தூங்குகிற நண்பனைப் பற்றி எழுத்தில் கருத்துச் சொல்ல வேண்டும், அதை அவனும் படிப்பான். மாணவர் குழுக் கூட்டங்கள் இரவில் கூடி விடிகாலைவரை இழுப்பது வாடிக்கை. நாய் வளர்க்கலாமா, இணையத்தை எந்த அளவுக்கு அனுமதிப்பது என்பதிலிருந்து ஒருவரை அனுப்பிவிடுவதுவரை எல்லாம் விவாதத்துக்கு வரும். இது கொடுமையாகவும் ஆகலாம். பேச்சுத் திறன் உள்ளவன் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான், வாயடைத்தவன் தோற்பான். சிறிய ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருப்பதன் மூச்சுமுட்டல் முப்பது பேர் வாழும் பள்ளத்தாக்கில் இன்னும் அதிகம். நன்மையை மட்டும் பாடிவிட்டுப் போகக் கூடாது.

மூச்சுமுட்டலைக் கூட்டுகிற இன்னொரு விதி இருக்கிறது. பருவம் நடக்கும்போது தக்க காரணமின்றிப் பள்ளத்தாக்கை விட்டு வெளியே போகக் கூடாது. மதுவும் போதைப் பொருளும் கூடாது. இந்த இரண்டு விதிகளும் நன் காலத்தவை என்றாலும், ஒவ்வொரு தலைமுறை மாணவர் குழுவும் அவற்றைத் தானே ஏற்றுக் காவல் காக்க வேண்டும். வார்டன் கிடையாது. மீறியவனைப் பிடிக்கப் போவதும் நண்பன்தான்.

குருகுலம் என்று நம்மில் சிலர் சொல்லத் தொடங்கக்கூடும். தனிமை, எளிமை, உழைப்பு, இலவசக் கல்வி எல்லாம் ஒத்துத்தான் வருகின்றன. ஆனால் குருகுலத்தில் குருவைச் சீடன் நேர்காணல் செய்வதில்லை. அந்த ஒரு புள்ளியில் ஒப்புமை அறுந்துவிடுகிறது.

இங்கே படித்து முடித்தவர்களில் பெரும்பாலோர் ஹார்வர்ட், யேல், சிகாகோ, கார்னெல் போன்ற பல்கலைக்கழகங்களில் மூன்றாமாண்டுக்குச் சேர்கிறார்கள். 2005இல் அமெரிக்க தேசியப் புத்தக விருது பெற்ற நாவலாசிரியர் வில்லியம் வோல்மன், விமரிசனத்துக்காக 2013இல் புலிட்சர் பரிசு பெற்ற பிலிப் கென்னிகாட், ராசெஸ்டர் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த இயற்பியலாளர் ராபர்ட் ஸ்புரோல் ஆகியோர் இந்தப் பள்ளத்தாக்கில் மாடு மேய்த்தவர்களே. பட்டியல் பெருமைக்குரியதுதான். ஆனால் அதிலேயே ஒரு சங்கடமும் ஒளிந்திருக்கிறது. இவ்வளவு கடுமையாகச் சலித்து எடுத்த மாணவர்கள் எங்கே படித்திருந்தாலும் முன்னுக்கு வந்திருப்பார்கள் அல்லவா? கல்லூரியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. நன்றாகப் படிக்க வசதியும் பழக்கமும் ஏற்கெனவே உள்ள வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கே கட்டுரை எழுதும் தேர்வு சாதகமாக அமையும் என்ற விமரிசனத்தையும் தள்ளிவிட முடியாது. கட்டணம் இல்லை என்பதால் மட்டும் ஏழைகள் வந்துவிடுவதில்லை.

பணம் பற்றி ஒரு வார்த்தை. வடக்குக் கரோலினாவில் 1933இல் தொடங்கிய பிளாக் மவுண்டன் கல்லூரியும் இதேபோலச் சிறியது. அங்கேயும் மாணவர்கள் பண்ணையில் உழைத்தார்கள். ஜோசப் ஆல்பர்ஸ், ஜான் கேஜ் போன்ற பெரும் கலைஞர்கள் அங்கே கற்பித்தார்கள். கலை வரலாற்றில் டீப் ஸ்பிரிங்ஸைவிட அதற்கே இடம் பெரிது. ஆனால் அதற்கு மூலதன நிதி கிடையாது. 1957இல் மூடிவிட்டார்கள். டீப் ஸ்பிரிங்ஸும் பலமுறை கடன் தொல்லையில் தத்தளித்ததுதான். நன் விட்டுச்சென்ற நிதியும், பழைய மாணவர்கள் விடாமல் அனுப்பிய நன்கொடையும் அதைக் கரையேற்றின. லட்சியம் மட்டும் கல்லூரியை நடத்துவதில்லை.

கல்லூரியின் வரலாற்றில் மிகக் கசப்பான அத்தியாயம் சமீபத்தியது. பத்திரத்தில் நன் எழுதியது ஆண் மாணவர்களைப் பற்றி. பெண்கள் ஆசிரியர்களாக வந்தார்கள், மாணவிகளாக வரவில்லை. அதே நன் கார்னெலில் உருவாக்கிய டெல்லுரைடு இல்லம் 1960களின் தொடக்கத்திலேயே பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. கொல்கத்தாவிலிருந்து கார்னெலுக்குப் படிக்கப் போன இலக்கியக் கோட்பாட்டாளர் காயத்ரி சக்ரவர்த்தி ஸ்பிவாக் அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர். டீப் ஸ்பிரிங்ஸில் மட்டும் விவாதம் பல பத்தாண்டுகள் நீண்டது. பாலைவனத் தனிமையில் இளைஞரையும் இளம் பெண்களையும் ஒன்றாக வைத்தால் கவனம் சிதறும் என்று ஒரு தரப்பு. தலைமைப் பொறுப்புக்கு ஆட்களைத் தயார் செய்வதாகச் சொல்லிக்கொண்டு மக்கள்தொகையில் பாதியை வாசலிலேயே நிறுத்துவது கேலிக்கூத்து என்று மறு தரப்பு. 2011இல் அறங்காவலர் குழு 2013 முதல் பெண்களைச் சேர்ப்பது என்று வாக்களித்தது. எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். தடையாணை வந்தது.

வழக்கின் மையக் கேள்வி கல்வியைப் பற்றியதல்ல, அறக்கட்டளைச் சட்டத்தைப் பற்றியது. இறந்துபோனவர் எழுதிவைத்த நிபந்தனையை உயிரோடிருப்பவர்கள் எந்த அளவுக்கு மாற்றலாம்? கோயில் சொத்துக்கும் தர்ம ஸ்தாபனங்களுக்கும் எழுதிவைத்த பத்திரங்களைப் பற்றிய தகராறுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அந்நியமான கேள்வியாகப் படாது. நன்னின் அடிப்படை நோக்கம் ஆண்களுக்குப் படிப்பளிப்பதா, அல்லது சமூகத்துக்கு உழைக்கும் தலைவர்களை உருவாக்குவதா? இரண்டாவதுதான் நோக்கம் என்றால், 1923இல் அதற்கு இசைந்த நிபந்தனை தொண்ணூறு ஆண்டு கழித்து அந்த நோக்கத்துக்கே இடைஞ்சலாகிறது என்று வாதிடலாம். மாறிய சூழலைக் கணக்கில் கொண்டு பத்திரத்தைத் திருத்தலாம் என்ற தீர்ப்பை 2017 ஏப்ரல் 13 அன்று கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. அதே ஆண்டு ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. 2018இல் முதல் மாணவிகள் வந்தார்கள். நிறுவனரின் சொல்லுக்கும் நிறுவனரின் நோக்கத்துக்கும் நடுவே இவ்வளவு நீண்ட இழுபறி நடந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. தன் சொல்லை மாணவர் மீறிச் சிந்திக்க வேண்டும் என்று விரும்பியவர், அந்த விருப்பத்தையும் பத்திரமாக எழுதிப் பூட்டிவைத்தார். சிக்கல் அங்கேயே தொடங்கிவிட்டது.

பெண்கள் வந்தபின் கல்லூரி மாறிவிட்டதா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: பால் கறக்கும் நேரம் மாறவில்லை, வேலை மணி குறையவில்லை, கமிட்டிகள் அப்படியே இருக்கின்றன.

டீப் ஸ்பிரிங்ஸைப் பார்த்து அமெரிக்காவில் வேறு சில சிறு முயற்சிகளும் முளைத்திருக்கின்றன. அலாஸ்காவின் சிட்கா நகரில் தொடங்கிய அவுட்டர் கோஸ்ட் அவற்றுள் ஒன்று. இப்படிப்பட்ட கல்லூரிகள் ஆயிரம் வந்தாலும் ஒரு நாட்டின் உயர்கல்விப் பிரச்சினை தீராது. ஒரு மாணவருக்கு ஆகும் செலவைப் பார்த்தால் எந்த அரசும் இதைப் பொதுத் திட்டமாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் இதில் விலை அதிகமில்லாத அம்சம் ஒன்று உண்டு. ஆசிரியர் தேர்வில் மாணவருக்கு ஒரு வாக்கு, சேர்க்கைக் குழுவில் ஓர் இருக்கை, நிர்வாகக் குழுவில் பேசுவதற்கு ஒரு நாற்காலி. இதற்கு மாடும் வேண்டாம், பாலைவனமும் வேண்டாம். தனியார் கல்லூரி நடத்துகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க நேர்ந்தால் பண்ணையைப் பற்றி அல்ல, இதைப் பற்றி யோசிக்கலாம்.

டீப் ஸ்பிரிங்ஸ் வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களையும் ஏற்கிறது. அவர்களுக்கும் கல்விக் கட்டணம் இல்லை, தங்குவதற்கும் உணவுக்கும் பணம் இல்லை. புத்தகம், பயணம் போன்ற செலவுகளைப் பார்த்துக்கொண்டால் போதும். பிளஸ் டூ படிக்கிற, எழுதுவதில் ஆர்வமுள்ள, சாணி அள்ளக் கூச்சப்படாத பிள்ளை யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லிவையுங்கள்.